மடிப்பு எடுத்த வாத்தியார்

ரோபோ நான்காவது முறையாக அதே இடத்தில் தடுக்கிக் கவிழ்ந்ததும், இயற்பியல் வாத்தியார் தரையில் குப்புறப் படுத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு விரிப்பைப் பார்த்தார்.

"மடிப்பு இருக்கு," என்றார்.

"ஆமா சார்," என்றார்கள் நான்கு மாணவிகளும்.

போட்டிக்காரர்கள் அனுப்பிய பயிற்சி விரிப்பு அது. பிளக்ஸ் பேனர் மாதிரி வழவழவென்று, கோடுகளும் வட்டங்களும் அச்சடித்து, குழாயில் சுருட்டி வந்திருந்தது. அதன்மேல் ரோபோ தானாக ஓடிக் கட்டைகளைத் தூக்கி வட்டத்துக்குள் வைக்க வேண்டும். டிபன் டப்பா அளவே இருந்த ரோபோவுக்கு அரை விரல் மடிப்பு ஒரு மலை.

போன வருஷம் பள்ளிக்குக் கடைசி இடம். இந்த வருஷமும் அப்படியென்றால் ரோபோ அறையை உடைந்த நாற்காலிகளுக்குக் கொடுத்துவிடுவதாகத் தலைமையாசிரியை சொல்லியிருந்தார். சொன்னதோடு நிற்காமல் இரண்டு நாற்காலிகளை முன்கூட்டியே அனுப்பியும் வைத்திருந்தார்.

"சார், முன்பக்கம் சறுக்கிப் போற மாதிரி ஒரு தகடு வச்சுப் பார்க்கலாமா?" என்று கேட்டாள் அணித் தலைவி.

"ரோபோவுல கை வைக்காதீங்க. தப்பு விரிப்புல இருக்கு. அதை நான் பார்த்துக்கறேன்."

அன்று சாயங்காலமே விரிப்பை எதிர்ப்பக்கமாகச் சுருட்டி, அரைமணி நேரம் கட்டிவைத்து, பிறகு விரித்தார். தட்டையாகப் படுத்தது. நிம்மதியாக வீட்டுக்குப் போனார். காலையில் பழைய மடிப்பு அப்படியே இருந்தது. போதாக்குறைக்கு எதிர்ப்பக்கம் சுருட்டியதில் ஓரங்களும் எழுந்து நின்றன.

நூலகத்துக்குப் போனார்.

"கலைக்களஞ்சியம் வேணும்."

"எந்தத் தொகுதி?" என்றார் நூலகர்.

"எடை அதிகமான தொகுதி. பதினெட்டும் கொடுத்தா நல்லது."

மதியம் முழுக்கப் பதினெட்டுத் தொகுதிகளும் விரிப்பின்மேல் உட்கார்ந்திருந்தன. சாயங்காலம் எடுத்தபோது மடிப்பு போயிருந்தது. புத்தக மூலைகள் பதிந்த குழிகள் வந்திருந்தன. மறுநாள் காலையில் குழிகள் இருந்தன, மடிப்பும் திரும்பியிருந்தது. ஒன்றுக்கு இரண்டாக.

"நேத்து போகும்போது சமமாத்தானே இருந்துச்சு?"

"இருந்துச்சு சார்," என்றாள் தலைவி.

வாத்தியார் யோசித்தார். "சில பொருளுக்கு ஞாபகசக்தி உண்டு. எப்படி வளைச்சு வச்சாங்களோ, அந்த நிலைக்கே திரும்பிப் போகும். எழுதிக்கோங்க."

நால்வரும் பவ்யமாக எழுதிக்கொண்டார்கள்.

அடுத்தது ஒட்டுநாடா. நான்கு பக்கமும் இழுத்துத் தரையோடு ஒட்டினார். காலையில் நாடா உரிந்து ஒரு மூலையில் சுருண்டு கிடந்தது.

"ஈரப்பதம்," என்றார். அதையும் எழுதிக்கொண்டார்கள்.

மூன்றாவது வாரம், வாசலில் மனைவி அவரை மடக்கினாள்.

"அயர்ன் பாக்ஸ் எதுக்கு ஸ்கூலுக்குப் போகுது?"

"ஒரு மடிப்பு எடுக்கணும்."

"உங்க சட்டையில ஏழு மடிப்பு இருக்கு. அதை எடுக்கத் தோணலையா?"

சட்டையை ஒருமுறை நீவிவிட்டுக்கொண்டார். அயர்ன் பாக்ஸோடு போனார். துணி போட்டு, மிதமான சூட்டில், பொறுமையாகத் தேய்த்தார். முக்கால்வாசி விரிப்பு கண்ணாடி போல ஆனது. கடைசியில் தும்மல் வந்தது. தும்மி முடித்துப் பார்த்தால், ரோபோ புறப்படுகிற கட்டத்தில் அயர்ன் பாக்ஸ் வடிவத்தில் ஒரு பள்ளம்.

இதற்கிடையில் ரோபோவின் சக்கரம் பெரிதாகியிருந்தது. முன்பக்கம் சறுக்குத் தகடு முளைத்திருந்தது. சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்று கணக்கு வைத்து ஓடுவதை விட்டுவிட்டு, சென்சாரால் கோட்டைப் பார்த்துப் பார்த்து ஓடப் பழகியிருந்தது. இதெல்லாம் வாத்தியார் கண்ணில் படவேயில்லை. அவர் கண் முழுக்க மடிப்பில் இருந்தது.

போட்டி நாளன்று அரங்கத்துக்குள் நுழைந்தவர், களமேசையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். அங்கேயும் விரிப்பில் மடிப்பு. அலை அலையாக.

தலைமை நடுவரிடம் ஓடினார். பொறியாளரான அந்த அம்மாள் சாவகாசமாகப் பேசினார்.

"சுருட்டிக் கொண்டுவந்த விரிப்பு அப்படித்தான் சார் இருக்கும். எல்லா அணிக்கும் அதே விரிப்புதானே?"

"ஒரு பத்து நிமிஷம் கொடுங்க. நான் எடுத்துடறேன்."

"மேசையைத் தொடக் கூடாது சார்."

வாத்தியார் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தார். வீட்டில் வைத்துவிட்டு வந்த அயர்ன் பாக்ஸ் ஞாபகத்துக்கு வந்தது. உடைந்த நாற்காலிகளும் வந்தன.

முதல் அணியின் ரோபோ இரண்டாவது மடிப்பில் முட்டிக்கொண்டு நின்றது. அடுத்தது திசைமாறி மேசையிலிருந்து குதித்தது. பளிங்குத் தரையில் பழகி வந்த ஒன்று, நகராமல் நின்ற இடத்திலேயே சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தது. பிறகு இவர்களுடைய ரோபோ வந்தது. மடிப்பில் ஏறியது, இறங்கியது, கோட்டைத் தேடிப் பிடித்தது, கட்டையைக் கொண்டுபோய் வட்டத்தில் வைத்துவிட்டுத் திரும்பியது. மூன்று சுற்றிலும் அப்படியே. பலகையில் பள்ளியின் பெயர் முதலிடத்துக்கு ஏறியது.

போட்டியைப் பார்க்க வந்திருந்த தலைமையாசிரியை அவர் காதருகே குனிந்து, "அந்த நாற்காலிங்களை எடுக்கச் சொல்லிடறேன்," என்றார்.

மற்றப் பள்ளிப் பயிற்சியாளர்கள் வாத்தியாரைச் சூழ்ந்துகொண்டார்கள். எப்படிச் சாதித்தீர்கள் என்று கேட்டார்கள். அவர் முதலில் தயங்கினார். இரண்டாவது முறை கேட்டபோது அவ்வளவாகத் தயங்கவில்லை.

"பயிற்சி கரடுமுரடா இருக்கணும்னு ஆரம்பத்துலேயே முடிவு பண்ணேன். விரிப்பு சமமா இருந்தா பசங்க கெட்டுப்போயிடுவாங்க."

தலைமை நடுவர் அம்மாள் குறிப்பேட்டோடு வந்தார். பரிசுக்கு முன் அணியில் யார் யார் என்ன செய்தார்கள் என்று எழுதிக்கொள்ள வேண்டுமாம். தலைவி, ரோபோ கட்டியதாகச் சொன்னாள். இரண்டாமவள் நிரல் எழுதியிருந்தாள். மூன்றாமவள் ஒவ்வொரு ஓட்டத்தையும் குறித்துவைத்திருந்தாள். மிச்சமிருந்தது, ஒல்லியாக இருப்பதால் எல்லோரும் பென்சில் என்று கூப்பிடுகிற நான்காவது பெண். மூன்று வாரத்தில் அவள் தனியாக வாய் திறந்து வாத்தியார் பார்த்ததில்லை.

"நீ என்னம்மா பண்ணே?"

பென்சில் வாத்தியாரை ஒருமுறை பார்த்துவிட்டு, பணிவாகச் சொன்னாள்:

"தினம் காலையில எல்லாருக்கும் முன்னாடி வந்து, நேத்து சாயங்காலம் சார் எடுத்த மடிப்பையெல்லாம் திரும்ப வைக்கிறது என் வேலை மேடம்."