வெட்டுக்கிளிக் குலத்தான் வாசலில் நகராட்சி விளக்கு

பெருமதிப்பிற்குரிய நகராட்சி ஆணையர் செம்பெப்வா ஐயா அவர்களுக்கு,

ஓய்வுபெற்ற தபால்காரன் முகலுலா வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. தாங்களும் தங்கள் வீட்டாரும் நலமென்று நம்புகிறேன். மழை நன்றாகப் பெய்கிறது, வாழைக்கும் காப்பிக்கும் நல்லது. நிற்க.

மின்சாரத்தை மிச்சப்படுத்தத் தெருவுக்கொரு சூரிய விளக்கு என்று தாங்கள் அறிவித்ததும் முதல் கையெழுத்துப் போட்டவன் நான். விளக்கை என் வாசலிலேயே நட்டீர்கள். அன்றே வாசல் பல்பைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டேன். யார் கண் பட்டதோ, வெட்டுக்கிளி கூட்டங்கூட்டமாகப் பறக்கிற நவம்பர் வந்தது. திருட்டுக் கரண்டில் ராட்சச பல்பு போட்டு, வறுத்துத் தின்னவும் விற்கவும் வெட்டுக்கிளி பிடிக்கிற பயல்களின் ஒயரைத் தாங்கள் அறுத்தீர்கள், நல்ல காரியம், ஆனால் அவனுங்க சும்மா இருப்பானுங்களா, தகரத்தையும் பீப்பாயையும் தூக்கிக்கிட்டு நேரா என் வாசலுக்கு வந்துட்டானுங்க. வெளிச்சத்துக்கு வர்ற பூச்சி தகரத்துல மோதி, வழுக்கி, பீப்பாய்க்குள்ள விழுது. ஊரே உட்கார்ந்து இறக்கை பிய்க்குது. "பெரியவரே, தள்ளி நில்லுங்க, வெளிச்சத்த மறைக்கிறீங்க"ன்னு என் வாசல்லயே என்னை விரட்டுறானுங்க.

ஐயா, நான் வெட்டுக்கிளிக் குலம். அதைக் கொல்லவும் கூடாது, தின்னவும் கூடாது. தாங்கள் குரங்குக் குலம். தங்கள் வாசலில் நாலு பேர் குரங்கை வறுத்தால் பொறுப்பீர்களா? என் மனைவி நாபுகென்யா வேறு குலத்தில் பிறந்தவள், அவளுக்கென்ன? வெங்காயம் போட்டு வதக்கிக்கிட்டே, "உங்க சொந்தக்காரங்க இந்த வருஷம் நல்லா கொழுத்திருக்காங்க"ங்கிறா.

வருகிற சனிக்கிழமை எங்கள் குலப் பெரியவர் கம்பாலாவிலிருந்து வருகிறார். குல சபையில் எனக்கு இடம் தரலாமா என்று பார்க்கத்தான் வருகிறார். பல வருஷம் தவம் கிடந்த இடம். அவர் வந்து இந்தப் படுகொலையைப் பார்த்தால் என் கதி என்ன? ஆகவே அதற்குள் விளக்கைப் பிடுங்கிச் சந்தைப் பக்கம் நட்டுத் தருமாறு கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் குலம் தழைக்கட்டும். தங்கள் சேமிப்புத் திட்டமும் தழைக்கட்டும், என் வாசலைத் தவிர்த்து.

இப்படிக்கு,
முகலுலா

பி.கு.: தபாலில் சேர்ப்பதற்குள் பெரியவர் ஒரு நாள் முன்னதாகவே வந்துவிட்டார். பீப்பாய்களை வெகுநேரம் பார்த்தார். பிறகு, "ஊர்ல எத்தனை வாசல் இருக்கு! நம்ம ஆளுங்க உன் வாசலத் தேடி வந்திருக்காங்கடா"ன்னு என் தோளைத் தட்டிச் சபையில் இடமும் கொடுத்துவிட்டார். ஆகவே விளக்கை அசைக்க வேண்டாம். அவர் வாசலுக்கும் ஒன்று கிடைக்குமா என்று விசாரிக்கச் சொன்னார். அவர் மனைவிக்கென்று நாபுகென்யா வறுத்து ஒரு பை கட்டிக் கொடுத்தாள். பை அவர் மடியில்தான் போனது. வண்டிக் கண்ணாடி ஏற்றியிருந்தது, நான் எதையும் பார்க்கவில்லை.