ஆமாம் என்று அமுக்கியவர்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்குப் பெரியநாயகத்துக்கு வேர்த்துக் கொட்டியது. ஐந்து மணிக்கு மேனேஜர் இராமசாமி கம்ப்யூட்டரை எடுத்துப்போக வேனோடு வந்துவிடுவார்.

மலேசியாவில் சிம்பாங் பூலாய் பக்கத்து ரப்பர் கம்பெனி ஒன்றில் பெரியநாயகம் ஸ்டோர் கிராணி, சாமான் கணக்கு எழுதும் குமாஸ்தா. 1988-ல் கம்பெனிக்கு வந்த ஒரே கம்ப்யூட்டர் அவர் பொறுப்பு. ஆபீஸ் கூரையை மாற்றுகிறார்கள் என்று பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தவர், "புதுப் புரோகிராமையும் நானே ஏத்திடுறேன்" என்று மார் தட்டியிருந்தார். உள்ளே இருந்தது நாலாயிரம் சாமான்களின் பட்டியல். மூன்று மாதம் ஒற்றை விரலால் தட்டித் தட்டி ஏற்றியது.

"யாரும் கிட்ட வரக்கூடாது!" காலையிலேயே மனைவி எல்ஸிக்கு உத்தரவு.

முதல் டிஸ்கைப் போட்டதும் திரை இங்கிலீஷில் எதற்கோ அனுமதி கேட்டது. ஆமாமா, இல்லையா? பதினாறு வருஷக் குடும்ப அனுபவம். படிக்காமலே ஆமாம் என்று அமுக்கினார். மறுபடி கேட்டது. ஆமாம். இன்னொரு தடவை. ஆமாம். இரண்டாவது டிஸ்கில் கர்ர்ரென்று ஒரு சத்தம். புதுசு ஏறவில்லை. பழைய பட்டியலையும் காணோம். திரையில் இன்னொரு கேள்வி வந்து நின்றது. இந்தத் தடவை எதையும் அமுக்காமல் நாற்காலியைப் பின்னால் தள்ளினார்.

"என்னங்க, மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி இருக்கு?"

"ஒண்ணுமில்ல. மெஷின் ரெஸ்ட் எடுக்குது."

"மெஷினா, நீங்களா?"

"நீ அடுப்படிக்குப் போ லா!"

மேசை விரிப்பை உருவித் திரைமேல் போர்த்தினார். மூலைக் கடைக்கு ஓடி, டிஸ்க் விற்ற ஈப்போ ஆளுக்குப் போன் அடித்தார். அடித்துக்கொண்டே இருந்தார். ஞாயிற்றுக்கிழமை எவன் எடுப்பான்?

வீடு திரும்பும்போது நாலரை. நாற்காலியில் பொத்தென்று விழுந்தார்.

"எல்லாம் போச்சு எல்ஸி. பட்டியல் போச்சு, என் வேலையும் போயிரும்."

"சரி பண்ண ஒரு ஆள் இருக்கு. கூப்பிடட்டுமா?"

"எங்க, கோப்பெங் டவுன்லயா?"

"பக்கத்துலதான். ஆனா யாரு சரி பண்ணாங்கன்னு மேனேஜர்கிட்ட நீங்க சொல்லணும். நாந்தான் செஞ்சேன்னு அளக்கக் கூடாது."

"மாதா மேல சத்தியமா சொல்றேன். கூப்பிடு!"

எல்ஸி விரிப்பை எடுத்தாள். போல்ட்டு முதல் பெல்ட்டு வரை பட்டியல் வரிசையாக நின்றது.

"எப்... எப்படி?"

"பழையபடியே ஆக்கிடவான்னு அதுவே கேட்டுக்கிட்டு நின்னுச்சு. படிச்சேன். ஆமான்னு அமுக்கினேன்."

வெளியே வேன் ஹாரன் அடித்தது.

சத்தியம் பண்ணியாயிற்று. தலையைக் குனிந்துகொண்டு நடந்ததைச் சொன்னார். இராமசாமி பெட்டியைப் பார்த்தார், எல்ஸியைப் பார்த்தார்.

"படிச்சுப் பாத்துப் பதில் சொல்ற ஆளத்தான் ஆறு மாசமா தேடுறேன். நாளைக்கே வேலைக்கு வந்துடுங்கம்மா."

அடுத்த வாரம் பெரியநாயகம் ஆபீஸில் கம்ப்யூட்டர் மேசை முன்னால் போய் நின்றார்.

"எல்ஸி, அந்த பெல்ட்டு லிஸ்ட் ஒண்ணு..."

அவள் தலை நிமிரவில்லை.

"எதுக்குன்னு எழுதிக் குடுங்க கிராணி, பாத்துட்டுச் சொல்றேன்."