செய்தி ஆசிரியரின் நிம்மதியை முன்னிட்டு

திருச்சி தெப்பக்குளத்தை அடுத்த ஒரு சந்திலிருந்து அந்தக் காலத்தில் 'ஜன மார்க்கம்' என்றொரு தினசரி வெளிவந்துகொண்டிருந்தது. அதன் செய்தி ஆசிரியர் தைரியராஜ் உரத்த குரல் படைத்தவர். அவர் ஒரு தலைப்பைத் திருத்தச் சொன்னால், மெயின்கார்டு கேட்டில் பஸ்ஸுக்கு நிற்பவர்களுக்கும் அந்தத் தலைப்பு தெரிந்துவிடும். ஆனாலும் உதவி ஆசிரியர் லூர்துக்கு அவர்மேல் ஒரு குறையும் கிடையாது. லீவு கேட்டால், "ஏன்யா இன்னும் இங்கேயே நிக்கிறீரு? போய்த் தொலையும்!" என்று கத்துவார். ஒரு நிமிஷத்தில் காரியம் முடிந்துவிடும்.

மாநாடு என்றாலே ஜனங்கள் மோகம் பிடித்து அலைந்த அறுபத்திரண்டாம் வருஷம், முதலாளி ரெங்கராஜ் பெங்களூரில் நடந்த நிர்வாகிகள் மாநாட்டுக்குப் போனார். மூன்று நாள் பிரசங்கம் கேட்டுவிட்டுக் கருணையோடு திரும்பி வந்தார். மறுநாளே சுற்றறிக்கை ஒட்டப்பட்டது.

"கீழே இருப்பவர்மீது கருணை சுரக்க வேண்டுமாயின், மேலே இருப்பவரின் மனம் நலமாக இருத்தல் அவசியம். ஆகவே, செய்தி ஆசிரியரின் நிம்மதியைக் குலைக்கத்தக்க எந்தத் தகவலும் இன்று முதல் அவரது மேஜைக்குச் செல்லலாகாது. இதைக் கவனிக்க 'நிம்மதி அலுவலர்' ஒருவர் நியமிக்கப்படுகிறார்."

அந்த அலுவலர் லூர்துதான். முடியாது என்று சொல்ல அவருக்கு எப்போதுமே கொஞ்சம் நேரம் பிடிக்கும். அதற்குள் வேலையைத் தலையில் கட்டிவிடுவார்கள்.

"சார், அவர் மேஜைக்குப் போறதெல்லாமே நியூஸ்தானுங்களே?" என்று கேட்டுப் பார்த்தார்.

"நிம்மதியான நியூஸாப் பாத்து அனுப்புங்க" என்றார் முதலாளி.

"அன்னிக்கு அப்படி ஒண்ணும் நடக்கலேன்னா?"

"நடந்ததையே நிம்மதியா எழுதுங்க. பேனா உங்க கையிலதானே இருக்கு?"

பேனா அவர் கையில்தான் இருந்தது. சமயபுரம் சாலையில் இரண்டு லாரிகள் நேருக்கு நேர் மோதின. அவை மிக நெருங்கிப் பழகியதாக மறுநாள் பத்திரிகை தெரிவித்தது. காலரா பரவிய தெருவில் மக்கள் சிக்கனமாகச் சாப்பிட்டார்கள். தினமும் காலை பத்து மணிக்கு லூர்து உள்ளே போய், "நிம்மதியா இருக்கீங்களா சார்?" என்று விசாரித்து, பதிலை ஒரு நோட்டில் எழுதி வைப்பார். தைரியராஜுக்குக் கன்னத்தில் சதை போட்டது. கத்துவதே நின்றுபோயிற்று. கத்துவதற்குத்தான் ஒன்றும் மேஜைக்கு வருவதில்லையே!

இந்த நேரத்தில் லூர்துக்கு லீவு தேவைப்பட்டது. கல்யாணமாகி எட்டு வருஷம் கழித்து மனைவி அக்னஸ் முழுகாமல் இருந்தாள். கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம், புள்ளம்பாடியில், தாய் வீட்டில் பிரசவம். "நீங்க பக்கத்துல இருந்தா எனக்குப் பயமில்லை" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். வருவதாக இவரும் சத்தியம் செய்திருந்தார்.

விண்ணப்பம் எழுதினார். முறைப்படி அது நிம்மதி அலுவலர் பார்வைக்குப் போக வேண்டும். தம் கையாலேயே வாங்கித் தாமே படித்தார். பிரசவம் என்றால் செய்தி ஆசிரியருக்குக் கவலை; இரண்டு நாள் ஆள் வரமாட்டான் என்றால் பெருங்கவலை. "தங்கள் விண்ணப்பம் மிக உருக்கமாக இருப்பதால் மேலே அனுப்ப இயலவில்லை" என்று தமக்கே பதில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். பெற்றுக்கொண்டதற்கும் அவரே கையெழுத்துப் போட்டார்.

நான்கு நாள் மழை கொட்டியது. லால்குடிப் பக்கம் கொள்ளிடக் கரை உடைந்ததாகத் தந்தி வந்தது. "கொள்ளிடத்தில் தாராள நீர்: வயல்களைத் தேடி வந்தது, மக்கள் அனைவரும் சுகம்" என்று தலைப்பு எழுதி அச்சுக்கு அனுப்பிய பிறகுதான் லூர்துக்கு உறைத்தது. அக்னஸ் அங்கேதானே இருக்கிறாள்! சுற்றறிக்கையாவது மண்ணாவது என்று செய்தி ஆசிரியரின் அறைக்குள் நுழைந்துவிட்டார்.

தைரியராஜ் எல்லாவற்றையும் கேட்டார். எழுந்து வந்து லூர்துவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"உங்க மனசு எனக்குப் புரியுது லூர்து."

"சார், லீவு..."

"லீவு கிடக்கட்டும். முதல்ல உங்க வேதனைய நாம ரெண்டு பேருமாச் சேந்து உணரணும். உக்காருங்க. கண்ணை மூடிக்கிங்க."

இரண்டு பேரும் நாலு மணி வரை உணர்ந்தார்கள். அன்றைய கடைசிப் புள்ளம்பாடி பஸ் மூன்று மணிக்கே போய்விட்டது.

"எனக்கு இப்ப மனசு லேசா இருக்கு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார் தைரியராஜ். "நாளைக்குக் காலையில ஸ்ரீரங்கத்துல விழா. எனக்குக் கருணைக் கேடயம் குடுக்கறாங்க. பாராட்டுரைய நீங்கதான் வாசிக்கணும். கஷ்டத்துல இருக்கிறவர் வாசிச்சாத்தான் எடுப்பா இருக்கும்."

விழாவில் லூர்து வாசித்தார். அக்னஸ் நினைப்பில் நடுவே தொண்டை அடைத்துக்கொண்டது. கருணையை நினைத்து உருகுகிறார் என்று சபை பலமாகக் கை தட்டியது. முதலாளியும் உருகிப்போய், அந்த மேடையிலேயே அவரைத் துணைச் செய்தி ஆசிரியராக உயர்த்தினார். மாலை கழுத்தில் கிடக்க, ஆபீசுக்கு ஓடி வந்தார் லூர்து. பிழை திருத்தும் அம்மாசி எழுந்து நின்று வணக்கம் சொன்னார்.

"அம்மாசி, புள்ளம்பாடியிலேர்ந்து தந்தி வந்துச்சா?"

"வந்துச்சு சார்" என்று ஒரு காகிதத்தை நீட்டினார் அம்மாசி. "தாயும் சேயும் சுகம். அவசரமில்லை" என்று குண்டு குண்டாக எழுதியிருந்தது.

"இது உங்க கையெழுத்துல்ல?"

"ஆமா சார். நீங்க இப்ப மேலதிகாரி. உங்க நிம்மதிக்கு என்னைத்தான் போட்டிருக்குன்னு இப்பத்தான் முதலாளி போன்ல சொன்னாரு."

"அசல் தந்தி எங்கய்யா?"

"கிழிச்சுட்டேன் சார்."

"அதுல என்ன இருந்துச்சு?" லூர்து போட்ட சத்தத்தில் அச்சுக்கோப்பவர்கள் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள்.

"முழுசாப் படிக்கல சார். எனக்கும் மனசுன்னு ஒண்ணு இருக்குல்ல?"

லூர்து மாலையைக் கழற்றி எறிந்துவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினார். பஸ்ஸில் காலை வைக்க இடமில்லை. மூட்டையும் முடிச்சுமாகக் கூட்டம் பிதுங்கியது. எப்படியோ ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்ற பாப்பாயி என்ற அம்மாளிடம் விசாரித்தார்.

"ஏம்மா இவ்வளவு கூட்டம்? அந்தப் பக்கம் ஏதாவது ஆபத்துன்னு சேதி வந்துச்சா?"

"ஆபத்தெல்லாம் ஒண்ணும் சொல்லலீங்க. ஜன மார்க்கம் பேப்பர்ல எல்லாரும் சுகம்னு போட்டிருக்குன்னு பக்கத்து வீட்டு வாத்தியார் படிச்சுச் சொன்னாரு. என் மக அங்கதாங்க இருக்கா. கேட்டதுலேர்ந்து எனக்கு உசுரே இல்லை, ஓடியாறேன். இவங்கள்லாமும் அதுக்குத்தான் போறாங்க."

லூர்துவின் முகம் வெளுத்ததைப் பார்த்து அந்த அம்மாளுக்கு இரக்கம் வந்துவிட்டது. கையைத் தட்டிக் கொடுத்து, "கவலைப்படாதீங்க தம்பி, உங்க வீட்லயும் எல்லாரும் சுகமாத்தான் இருப்பாங்க" என்றாள்.

சுகம் என்ற சொல் காதில் விழுந்ததுதான் தாமதம், "வண்டிய எடுய்யா!" என்று டிரைவரைப் பார்த்துக் கத்தினார் லூர்து.