பொன்னாடை போர்த்திய பெட்டி

மலைக்கும் கடலுக்கும் நடுவே நெடுந்துறை என்றொரு நாடு. அங்கே போர்கள் மண்ணில் நடப்பதில்லை. வெள்ளிதோறும் மாலை ஆறு மணிக்கு நாடாள்வார் தம் கணினியின் முன் அமர்ந்து, எதிரியின் கோட்டைகளை இடிப்பார். மக்கள் சதுக்கத்துப் பெரிய திரையில் பார்ப்பார்கள். கோட்டை விழுந்தால் ஆட்சி நன்றாக நடக்கிறது என்று பொருள். கிணறு வற்றியதைப் பற்றிக் கேட்டவர்களுக்கும் அந்தத் திரையே பதில்.

வெற்றிக்கு மறுநாள் ஏதாவதொரு சங்கம் பொன்னாடையுடன் வரும். நாடாள்வார் பணிவு மிக்கவர். "வென்றது நானல்ல, என் பெட்டி" என்பார். பொன்னாடை கணினிப் பெட்டிக்குப் போர்த்தப்படும். போர்த்தியதை எடுப்பது கொடுத்தவரை அவமதிப்பதாகும் என்று சட்டம் இருந்தது. இப்படி நாற்பத்தொரு பொன்னாடைகள் சேர்ந்தன.

சித்திரை மாதத்து வெள்ளி ஒன்றில், போர் தொடங்கிய நாற்பதாம் நிமிடம் திரை இருண்டது. கணினியைப் பராமரித்த முத்தழகு பெட்டியின் பின்புறம் கை வைத்து, வெடுக்கென்று இழுத்துக்கொண்டான்.

"ஐயா, பவர் சப்ளை கொதிக்குது. சுவத்துலேர்ந்து வர்ற கரண்ட மாத்திக் குடுக்கறதே அதுதான். அதோட ஃபேனுக்குக் காத்தே போகல. மேல கெடக்கற துணிய எடுத்துட்டாப் போதும்."

பேரமைச்சர் செம்பியனார் எழுந்தார். "துணி என்றா சொன்னாய்?"

முத்தழகு அன்றே சிறைக்குப் போனான்.

பிறகு ஆணைகள் வந்தன. பெட்டிக்கு மின்சாரம் போதவில்லை என்று அமைச்சரவை முடிவு செய்ததால், மக்கள் மாலை முழுவதும் மின்விசிறிகளை நிறுத்தினார்கள். பெட்டி முப்பதாம் நிமிடம் நின்றது. மீன் சந்தையின் பனிக்கட்டி முழுவதும் அரண்மனைக்குப் போய்ப் பெட்டியைச் சுற்றி அடுக்கப்பட்டது. சந்தையில் மீன் நாறியது. பெட்டி இருபத்தைந்தாம் நிமிடம் நின்றது. மக்களின் அன்பு குறைந்துவிட்டதே காரணம் என்று கண்டறிந்து, தெருவுக்கு ஒரு பொன்னாடை தர வேண்டும் என்றார்கள். அந்த வாரம் அது பதினெட்டு நிமிடம்தான் ஓடியது.

பெட்டியைத் தொட யாரும் முன்வராத நிலையில் முத்தழகின் மனைவி வேம்பு வந்தாள். தெருவில் பழைய கணினிகளைச் சரிசெய்து கொடுப்பவள்.

"மூணு மணி நேரம் நிக்காம ஓட வெச்சா எங்க வீட்டுக்காரர விட்டுருவீங்களா?"

"நாடாள்வார் தம் திருக்கரத்தால் கையொப்பமிடுவார்" என்றார் செம்பியனார்.

வேம்பு ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றினாள். ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதினாள். சுவர் பிளக்கை மாற்றினாள், நின்றது. ஒயரை மாற்றினாள், நின்றது. பொன்னாடைகளின் பின்பக்கத்தைக் கால் மணி நேரம் தூக்கிப் பிடிக்க அனுமதி வாங்கி, புதிய பவர் சப்ளையைப் பொருத்தினாள். அதுவும் சூடேறி நின்றது. கழற்றிய பழையதைத் தன் வீட்டுக் கணினியில் மாட்டினாள். நான்கு மணி நேரம் ஓடியது. தான் எங்கோ தவறியிருக்கலாம் என்று நினைத்து எல்லாவற்றையும் முதலிலிருந்து மறுபடி செய்தாள். நோட்டின் கடைசியில் அதே ஒரு வரிதான் மிஞ்சியது. அதைச் சொல்லித்தான் அவள் கணவன் உள்ளே இருந்தான்.

அவள் வேறு மாதிரி சொன்னாள். "ஐயா, பெட்டி வேலக்காரன். எசமான் இருக்கறப்ப வேலக்காரனுக்குப் பொன்னாட போத்துனா ஊரு என்ன சொல்லும்?"

அமைச்சர்கள் திகைத்தார்கள். இத்தனை நாள் இந்தப் பிழை எப்படிக் கண்ணில் படாமல் போயிற்று? சட்டத்தைப் புரட்டினார்கள். எடுப்பதுதான் குற்றம், இடம் மாற்றுவது அல்ல. வெள்ளி மாலை எல்லாப் பொன்னாடைகளும் நாடாள்வாருக்குப் போர்த்தப்பட்டன.

பெட்டி குளிர்ந்து ஓடியது. ஆறரைக்கு நாடாள்வாரின் கைகள் வெளியே தெரிந்தன. ஏழரைக்கு விரல்கள் மட்டும். எட்டு மணிக்கு அவையும் உள்ளே போயின. ஒன்பது அடித்தபோதும் பெட்டி நிற்கவில்லை. வேம்பு விடுதலைத் தாளை நீட்டினாள். பொன்னாடைகளுக்குள்ளிருந்து எந்தக் கையும் வரவில்லை.

"ஏம்மா, பேச்சு மூச்சக் காணோமே. என்ன கோளாறு?" செம்பியனாருக்கு முதல் முறையாக வீட்டுப் பேச்சு வந்துவிட்டது.

வேம்பு தாளைப் பார்த்தாள். இன்னொரு தந்திரம் யோசிக்க நேரமில்லை. உள்ளே இருப்பது பெட்டி அல்ல, மனிதர்.

"காத்து போகல ஐயா. மேல கெடக்கற துணிய எடுங்க. சீக்கிரம்!"

பேரமைச்சருக்குத் தம் நடை திரும்ப வந்தது. "துணி என்றா சொன்னாய்?"

சிறையில் முத்தழகு கம்பியருகே வந்தான். "வேம்பு! நீ எங்க இங்க?"

"நீங்க சொன்னதையே சொன்னேன்."

"ராவும் பகலும் அதான் யோசன. தப்பாச் சொல்லிட்டேனோன்னு. பெட்டி ஓடுச்சா?"

"மூணு மணி நேரம். கை வெச்சுப் பாத்தேன், ஜில்லுனு இருந்துச்சு."

"அப்பச் சரியாத்தான் சொல்லியிருக்கேன்" என்று அவன் தரையில் உட்கார்ந்தான்.

நாடாள்வார் ஆழ்ந்த சிந்தனையில் இருப்பதாக மறுநாள் அறிவிப்பு வந்தது. பெட்டி இன்றுவரை நிற்கவில்லை. சதுக்கத் திரையில் எதிரி ஒவ்வொரு கோட்டையாகப் பிடித்துக்கொண்டிருக்கிறான்; திரை இருளவில்லை என்பதால் மக்கள் கைதட்டுகிறார்கள். அடுத்த தேர்தலில் அந்தப் பொன்னாடைக் குவியல் முன்னைவிட அதிக வாக்குகளில் வென்றது. உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று சிலர் வீட்டுக்குள் கேட்டுக்கொள்வதுண்டு. பார்க்க வேண்டுமானால் ஒரு பொன்னாடையை விலக்க வேண்டும். அதற்குச் சட்டத்தில் இடமில்லை.