வாசல் மச்சானின் இருமல்

விழியாரைப் பார்க்க வேண்டுமென்றால் முதலில் கறுப்புக் கண்ணாடி வாங்க வேண்டும். அதற்குப் பிறகுதான் வரிசை. அந்த வரிசை மாடிப்படியில் தொடங்கி, மருந்துக்கடையைத் தாண்டி, பேருந்து நிறுத்தத்தை விழுங்கி, தெருத் திருப்பத்தில் போய் வாலைச் சுருட்டிக்கொண்டு நின்றது. நின்ற ஒவ்வொருவர் கையிலும் மூச்சுத்துளை போட்ட ஒரு பெட்டி. பெட்டிக்குள் ஒரு பாம்பு.

நாய் குரைக்கிறது, பூனை நம்மை மதிப்பதில்லை என்று அடுக்குமாடிக்காரர்கள் பாம்பு வளர்க்கத் தொடங்கியிருந்த நேரம் அது. விஷமில்லாத, சாதுவான வளர்ப்புப் பாம்புகள்தான். ஒரு கண்ணாடித் தொட்டி, அடியில் சூடு தரும் தகடு, ஒளிந்துகொள்ள ஓர் உடைந்த பூந்தொட்டி, தண்ணீர்க் கிண்ணம். அதோடு செலவு முடிந்தது என்று நினைத்தார்கள். விழியார் வந்து தொடங்கிவைத்தார்.

ஒரு நாள் பாம்பு இரை எடுக்காது. மூலையில் போய் ஒளியும். மேனி மங்கும். கண் இரண்டிலும் நீலம் கலந்த பால் நிறம் படரும். வளர்ப்பவர் பதறுவாரா மாட்டாரா? அப்படிப் பதறியவரிடம் விழியார் சொன்னார்: “உங்க வீட்டு மேல விழுந்த கண்ணேறை உங்க பாம்பு தன் கண்ணுல வாங்கிக்கிச்சு.”

ஆகா! பதவி உயர்வு வராததற்கும், மருமகன் முறைத்துக்கொண்டு போனதற்கும், குழாயில் காற்று மட்டும் வருவதற்கும் ஒரே மூச்சில் காரணம் கிடைத்துவிட்டது. பாம்பை அவரிடம் விட்டுவிட்டு வர வேண்டும். சில நாள் கழித்துப் போனால் கண் பளிச்சென்று இருக்கும். மேனி புதுத்துணிபோல் மின்னும். கண்ணேறு முழுத்தோலாகக் கழன்று பக்கத்தில் கிடக்கும். அந்தத் தோலைச் சட்டம் போட்டு, பிள்ளையின் பட்டமளிப்புப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டிக்கொள்வார்கள். சட்டத்துக்குத் தனிக் கட்டணம்.

அதற்குமேல் ஒரு கட்டளை: யாருடைய பார்வையும் இனிப் பாம்பின்மேல் நேராகப் படக்கூடாது. தொட்டியைத் துடைப்பதானாலும் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டுதான் துடைக்க வேண்டும்.

இந்தக் கட்டளையைக் கேட்டு மனம் குளிர்ந்தவர் ஒருவர் உண்டு. விழியாரின் கூடத்துக்கு நேர் கீழே மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தவர். மேலே ஏறுகிற பக்தியெல்லாம் கீழே இவர் கல்லா வழியாகத்தான் ஏறியது.

கடைக்காரர் நம்பினாரா? இல்லை. அதுதான் வேடிக்கை. அவருக்கு உண்மை முழுக்கத் தெரியும்.

பக்கத்துக் கடைத் தையல்காரரும் ஒரு பாம்பு வளர்த்தார். அதற்கும் கண்ணில் பால் படர்ந்தது. தைக்க வேண்டிய துணி மலையாகக் கிடந்ததால் தையல்காரருக்கு வரிசையில் நிற்க நேரமில்லை. பாம்பை ஓர் ஈரத்துணியோடு பெட்டியில் விட்டு மூடியவர் வேலையில் மூழ்கிப்போனார். ஞாபகம் வந்து திறந்தபோது கண் தானாகவே தெளிந்திருந்தது. கொஞ்ச நாளில் அது மூக்கை ஒரு கல்லில் உரசி, காலுறையைக் கழற்றுவதுபோல் முழுத்தோலையும் உரித்துப் போட்டது.

அந்தத் தோலைக் கண்ணாடிக்கடைக்காரர் தன் பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்தார். தலைப்பகுதியில் வட்டமாக, மெல்லியதாக இரண்டு குட்டிக் கண்ணாடிகள். பாம்புக்கு இமை கிடையாது. கண்ணைக் காக்க ஒரு தெளிந்த செதில்தான் உண்டு. பழைய தோலுக்கும் புதிய தோலுக்கும் நடுவே ஈரம் ஊறும்போது அது மங்குகிறது. ஈரம் வற்றினால் தெளிகிறது. பிறகு தோலோடு சேர்ந்து அதுவும் கழன்றுவிடுகிறது.

“பாம்பு கண்ணாடி மாத்திக்குது, அவ்வளவுதான். அதுவும் நம்ம கடைக்கு வராமலேயே!” என்றார்.

“அப்போ வரிசையில நிக்கிற ஜனங்ககிட்ட சொல்லிடலாமா?” என்று கேட்டார் தையல்காரர்.

கடைக்காரர் கறுப்புக் கண்ணாடி அடுக்கை ஒரு முறை அன்போடு பார்த்தார். “சொல்லலாம். இருக்கிற சரக்கு தீரட்டும்.”

சரக்கு தீரவில்லை. தீரத்தீர வரவழைத்துக்கொண்டிருந்தார்.

இப்படிச் சுகமாகப் போய்க்கொண்டிருந்த வியாபாரத்தில் மண்ணைப் போட்டது அவருடைய சொந்தத் தங்கை. பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் இருப்பவள். தனியாகக் குடியிருக்கிறாள்; துணைக்கு ரிப்பன். ரிப்பன் என்பது ஆரஞ்சு நிறத்தில், பெயருக்கேற்ற அழகோடு வளைந்து நெளியும் பாம்பு. வேலை முடிந்து வந்தால் அதைத் தோளில் போட்டுக்கொண்டுதான் காப்பியே குடிப்பாள். ஒரு நாள் கறுப்புக் கண்ணாடியும் கலங்கிய முகமுமாகப் பெட்டியோடு கடைக்குள் வந்தாள்.

“அண்ணா, ரிப்பன் சாப்பிட மாட்டேங்குது.”

“கண்ணு எப்படி இருக்கு?”

“எனக்கெப்படித் தெரியும்? நேரா பாக்கக் கூடாதுல்ல?”

அண்ணன் மூடியைத் திறந்தார். கண் கண்ணாடி மணிபோல் தெளிவாக இருந்தது. மேனியிலும் மங்கல் இல்லை. ஆனால் ரிப்பன் தலையை மேலே தூக்கி வைத்துக்கொண்டு, வாயைப் பாதி திறந்தபடி மூச்சுவிட்டது. ஒவ்வொரு மூச்சிலும் ஒரு சீழ்க்கை. மூக்கு ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழிகள்.

“ஏம்மா, இது தோல் உரிக்கிற சமாச்சாரமே இல்ல. நெஞ்சுல சளி. உடனே மிருக டாக்டர்கிட்ட கொண்டு போ.”

“மேல காட்டிட்டேன். கண்ணேறு இன்னும் கண்ணுக்கு ஏறாம நெஞ்சுலயே நிக்குதாம். பால் படர்ற வரைக்கும் காத்திருக்கணுமாம். ஊசி கீசி போட்டா உள்ளேயே உறைஞ்சு போயிடுமாம்.”

“அந்த ஆளு சொன்னா நீ கேட்டுக்குவியா?”

“ஒரு பாம்பாவது கண்ணு தெளியாம அவர்கிட்டேருந்து திரும்பியிருக்கா, சொல்லுங்க?”

திரும்பவில்லைதான். தெளியப்போகிற கண்ணை மட்டும் உள்ளே வாங்கிக்கொண்டால் எப்படித் தெளியாமல் திரும்பும்? அண்ணன் பூதக்கண்ணாடியை எடுத்துச் செதில் கதையை விளக்கினார். தங்கை பொறுமையாகக் கேட்டாள். பிறகு ஒரே கேள்விதான் கேட்டாள்.

“இவ்வளவும் பொய்னு தெரிஞ்சிருந்தா, நீங்க இத்தனை கண்ணாடி வித்திருப்பீங்களா?”

அதற்கு அவரிடம் பதில் இருந்தது. கல்லாப்பெட்டிக்குள் இருந்ததால் வெளியே எடுக்க முடியவில்லை.

பெட்டிக்குள் ரிப்பன் இன்னொரு முறை சீழ்க்கை அடித்தது. ஏறாத பாலுக்குக் காத்திருந்தால் பாம்பு செத்துவிடும். அது செத்தால் தங்கை தன்னையேதான் நொந்துகொள்வாள், விழியாரை அல்ல. அதைத்தான் அவரால் தாங்க முடியாது. அன்றே கடையைப் பாதியில் சாத்திவிட்டு மாடி ஏறினார்.

கூடத்தில் திரை போட்ட அரையிருட்டு. நடுவில் விழியார் கறுப்புப் பட்டுத்துணியால் கண்ணைக் கட்டிக்கொண்டு அமர்ந்திருந்தார். கண்ணைக் கட்டிக்கொண்டே பாம்பின் கண்ணைச் சொல்வார், அதுதான் அதிசயம். வாசலில் அவருடைய மனைவியின் தம்பி. ஊரே அவரை ‘வாசல் மச்சான்’ என்றது. யார் பெட்டி கொண்டு வந்தாலும், “பூட்டு சரியா இருக்கான்னு பாத்துக்கறேன்” என்று குனிந்து மூடியை நகர்த்தி, உள்ளே ஒரு நோட்டம் விட்டுத்தான் அனுப்புவார்.

பாவம், அவருக்கு நாள்பட்ட இருமல். அதிலும் ஒரு விசித்திரம்: சில பெட்டிகளுக்கு இருமுவார், சில பெட்டிகளுக்கு இருமமாட்டார். இருமினால் விழியார், “பால்! பால் தெரிகிறது!” என்பார். இருமல் வராவிட்டால், “இன்னும் ஏறவில்லை, காத்திரு” என்பார். இத்தனை பேர் இத்தனை காலம் உட்கார்ந்து கேட்டும் யாருக்கும் இது உறைக்கவில்லை. பக்தி இருந்தால் காது அடைத்துக்கொள்ளும் போலிருக்கிறது. பக்தி இல்லாத கடைக்காரருக்கு அன்றே உறைத்துவிட்டது.

மறுநாள் வாசல் மச்சானே கடை ஏறி வந்தார். அவருடைய கறுப்புக் கண்ணாடியின் காம்பு உடைந்திருந்தது.

“கிட்டத்துல பாக்கத்தான் சிரமமா இருக்கு சார். வயசாச்சு. மேல்பாதி இப்படியே இருக்கட்டும், கீழ்பாதிக்குக் கிட்டப் பாக்குற பவர் வச்சுக் குடுங்க. அந்த இருட்டுல தொழில் பண்ணணும்ல…” நாக்கைக் கடித்துக்கொண்டார். “சேவை, சேவை.”

கடைக்காரர் செய்து கொடுத்தார். மேல்பாதி சுத்தம். கீழ்பாதியை மட்டும் மெருகுத்தூள் போட்டு இலேசாகத் தேய்த்து, ஒரு மெல்லிய பனிமூட்டத்தை ஏற்றினார்.

“கீழ கொஞ்சம் பனி மாதிரி தெரியுதே சார்?”

“ரெண்டு பவர் கண்ணாடின்னா முதல்ல அப்படித்தான் இருக்கும். போட்டுப் பழகினா சரியாப் போயிடும்.”

உலகத்தில் எல்லாக் கண்ணாடிக்கடையிலும் சொல்கிற வசனம் இது. இதுவரை யாரும் சந்தேகப்பட்டதில்லை. மச்சானும் படவில்லை.

பிறகு தங்கையைக் கூப்பிட்டார். “இப்பவே ரிப்பனை மேல கொண்டு வா. பால் படர்ந்திருக்குன்னு அவர் சொன்னா, நீ கண்ணாடியைக் கழட்டிட்டு நேரா பாரு. படர்ந்திருந்தா இனிமே நான் வாயைத் திறக்க மாட்டேன். இல்லேன்னா நேரா டாக்டர்.”

“நேராவா? அண்ணா, அது…”

“ஒரே ஒரு தடவை. அதோட மூச்சைக் கேளு, அப்புறம் முடிவு பண்ணு.”

கேட்டாள். சரி என்றாள்.

கூடம் நிறைந்திருந்தது. அத்தனை பேரும் கறுப்புக் கண்ணாடியோடு அரையிருட்டில் தட்டுத்தடுமாறி ஒருவர் காலை ஒருவர் மிதித்துக்கொண்டிருந்தார்கள். முதலில் தையல்காரர், தன் பாம்புப் பெட்டியோடு. மச்சான் குனிந்து பார்த்தார், இருமினார்.

“பால்! கொடிய பால்!” என்றார் விழியார்.

தையல்காரர் சட்டைப்பையிலிருந்து ஒரு தோலை உருவினார். “ஐயா, இது இப்பதான் உரிச்ச தோல். வீட்லயே உரிச்சுக்கிச்சு. மறுபடியும் பாலா?”

விழியார் அசரவில்லை. “அது மேல்கண்ணேறு. இது அடிக்கண்ணேறு.”

கூடம் மெய்சிலிர்த்தது. அடியில் ஒன்று இருப்பது இத்தனை நாள் தெரியாமல் போயிற்றே!

அடுத்து கண்ணாடிக்கடைக்காரரின் பெட்டி. மச்சான் இருமினார், இந்த முறை பலமாகவே. பக்கத்திலிருந்த ஓர் அம்மாள் இரக்கப்பட்டு இருமல் மிட்டாய் நீட்டினாள்.

“ஐயோ! பார்வையே போய்க்கொண்டிருக்கிறது! மூன்று தலைமுறைக் கண்ணேறு!”

கடைக்காரர் பெட்டிக்குள் கைவிட்டுச் சுருண்டு கிடந்ததைத் தூக்கிக் காட்டினார். “இது என் இடுப்பு வாருங்க. வாங்கி ஒரு தலைமுறை கூட ஆகல.”

யாரோ ஒருவர் சிரித்துவிட்டு, சிரித்தது தான் இல்லை என்பதுபோல் திரும்பிக்கொண்டார். இன்னொருவர் பணிவோடு கேட்டார்: “ஒருவேளை பாம்புத்தோல் வாரா இருக்குமோ?”

“ரெக்சின்.”

“பரிகாசம் செய்பவர்களின் பொருளுக்குத்தான் முதலில் கண்ணேறு ஏறும்” என்றார் விழியார். நாலைந்து தலைகள் அதற்கும் ஆடின. தலையாட்டுவது ஒரு பழக்கம். தலைக்குள் எதுவும் நடக்கத் தேவையில்லை.

தங்கை பெட்டியோடு முன்னே வந்தாள். மச்சான் குனிந்தார், இருமினார்.

“சொன்னேனல்லவா? இப்போது ஏறிவிட்டது. பால் படர்ந்துவிட்டது மகளே. பாம்பை இங்கே விட்டுச் செல்.”

அவள் பெட்டியைத் தரையில் வைத்தாள். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினாள். கூடம் ‘ஹா’ என்றது. போய்த் திரையை விலக்கிவிட்டு, வெளிச்சத்தில் குனிந்து ரிப்பனைப் பார்த்தாள். மாதக்கணக்குக்குப் பிறகு அவள் அதை நேராகப் பார்ப்பது அப்போதுதான்.

“பால் இல்லையே… கண்ணு தெளிவா இருக்கே! ஐயோ, மூக்குல நுரை தள்ளுது அண்ணா!”

“அவநம்பிக்கைக் கண்ணுக்குப் பால் தெரியாது” என்றார் விழியார் அவசரமாக.

“சரி, நம்பிக்கை உள்ளவரே பாக்கட்டும்” என்றார் கடைக்காரர். “மச்சான், அந்தக் கண்ணாடியை ஒரு நிமிஷம் கழட்டிட்டுப் பாருங்க.”

மச்சான் கழற்றினார். குனிந்தார். பார்த்தார். பாவம், பொய் சொல்லத் தயாராக வரவில்லை. இரும மட்டுமே சம்பளம் வாங்குகிறவர்.

“அய்யய்யோ அத்தான்! தெளிவாத்தான் இருக்கு! தப்பா இருமிட்டேன்!”

விழியார் கண்கட்டை அவிழ்த்துவிட்டு மைத்துனரை முறைத்த முறைப்பில்தான் உண்மையான கண்ணேறு இருந்தது. அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கறுப்புக் கண்ணாடிகள் கழன்றன. பெட்டிகள் திறந்தன. “எங்களுக்கு இருமினாரா இல்லையா?” என்று மனைவியைக் கேட்டார் ஒருவர். “சட்டத்துக்கு வேற காசு வாங்கினானே!” என்று எழுந்தார் இன்னொருவர். கூச்சல் வெடித்தது. விழியார் பின்கட்டு வழியாக இறங்கியபோது வழியில் இருந்த நாற்காலியைக் கவனிக்காமல் இடறி விழுந்தார். கண்ணைத் திறந்துகொண்டு நடந்து பழக்கம் விட்டுப்போயிருந்தது.

தங்கை இதையெல்லாம் பார்க்க நிற்கவில்லை. ரிப்பனோடு மருத்துவரிடம் ஓடியிருந்தாள். நுரையீரலில் தொற்று என்றார் மருத்துவர். ஊசி போட்டார், தொட்டியின் சூட்டைக் கூட்டச் சொன்னார். “இன்னும் காத்திருந்தா என்கிட்ட வந்திருக்க வேண்டாம், குழி தோண்டுறவர்கிட்ட போயிருக்கலாம்” என்று திட்டவும் செய்தார். சீழ்க்கை மெல்லக் குறைந்து நின்றது. ரிப்பன் இரை எடுத்த அன்று அவள் அண்ணனுக்குத் தொலைபேசியில் அழுதாள்.

கறுப்புக் கண்ணாடிகள் கடைக்குத் திரும்பி வந்தன. கடைக்காரர் எல்லாவற்றையும் பணத்தைக் கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொண்டார். தங்கை எதிரிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். வேறு வழி இல்லை.

அப்போது ஓர் அம்மாள் பெட்டியோடு வந்து தங்கையின் முன் பவ்யமாக நின்றாள். “சாகக் கிடந்த பாம்பையே பிழைக்க வச்சீங்களாமே. உங்க கைராசி அப்படியாம். எங்க பாம்பையும் ஒரு தடவை தொட்டுக் குடுங்கம்மா.”

தங்கை அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் கூரையைப் பார்த்தார்.

“என் கையில ஒண்ணும் இல்லைங்க” என்றாள். “மூடியைத் திறந்து நீங்களே பாருங்க. கண்ணு மங்கியிருந்து மூச்சு சீரா இருந்தா, தோல் உரிக்கப்போகுது. ஈரத்துணி வச்சுட்டுச் சும்மா விடுங்க. கண்ணு தெளிவா இருந்தும் வாயைத் திறந்து இரைச்சா, டாக்டர்கிட்ட ஓடுங்க. அவ்வளவுதான்.”

“இதுக்கு எவ்வளவும்மா தரணும்?”

“பாக்குறதுக்கு யாராவது காசு வாங்குவாங்களா?”

அம்மாளின் முகம் விழுந்துவிட்டது. “காசு வாங்காம சொன்னா பலிக்குமா?” என்று முணுமுணுத்துக்கொண்டே, பெட்டியைத் திறக்காமலேயே படியிறங்கிப் போனாள்.

கண்ணைத் திறந்து பார்ப்பது இலவசம்தான். அதனால்தானோ என்னவோ, இன்னும் நிறையப் பேர் அதை மதிப்பதே இல்லை.