கம்பிக் காக்காவும் மில் ஹாஜியார் வீட்டுப் பப்பாசியும்

பப்பாசி மரங்களுக்கு வாய் இருந்திருந்தால், எண்பதுகளில் கல்முனை தொடங்கி அக்கரைப்பற்று வரை அத்தனை மரங்களும் கம்பிக் காக்கா மேல் பொலிசில் முறைப்பாடு கொடுத்திருக்கும்.

காக்கா என்றால் எங்கள் பக்கத்தில் அண்ணன். கம்பிக் காக்கா மின்சாரசபைக்காரர் அல்லர், டொக்டர். கொழும்பில் ஒரு போதனா வைத்தியசாலையின் எக்ஸ்ரே பகுதியில் நான் பயிற்சிக்குச் சேர்ந்தபோது எனக்கு மேலே இருந்த அக்கரைப்பற்றுக்காரர். எங்களுடையது கத்தி இல்லாத வேலை. தொடையடியில் ஊசி குத்தி, இரத்தக் குழாய்க்குள் மெல்லிய கம்பியை விட்டு, அதன்மேல் ஒரு குழாயை ஏற்றி, திரையைப் பார்த்தபடியே போய் இரத்தம் ஒழுகும் இடத்தை அடைக்க வேண்டும். இதைப் பழக யார் தொடையைக் கொடுப்பார்? காக்கா பப்பாசி இலைத் தண்டைப் பிடித்துக்கொண்டார்.

"உள்ளுக்குப் பொள்ளல், வெளியால வழுவழுப்பு. அல்லாஹ் இத டொக்டர்மாருக்கெண்டே படைச்சிரிக்கான், மனே!"

விடுமுறைக்கு ஊருக்கு வரும் பஸ்ஸிலும் மடியில் தண்டு, கையில் கழித்துப் போட்ட பழைய கம்பி, கண்கள் மூடியிருக்கும்.

"என்ன காக்கா, வருத்தமா?" என்று கேட்டார் கொண்டக்டர்.

"எனக்கில்ல. இவருக்குத்தான் ஈரல்ல ஒழுக்கு" என்று தண்டைக் காட்டினார் காக்கா.

அம்பாறை வரும்வரை நான் தூங்குவதுபோல் கிடந்தேன்.

அவருக்கு ஒரே சட்டம். குழாயை உருவியதும் குத்திய இடத்தை விரலால் அமத்திப் பிடிக்க வேண்டும். கால் மணித்தியாலம். தும்மினாலும் விடக்கூடாது. ஒருநாள் பழகும்போது நான் மூக்கைச் சொறிந்துவிட்டேன். காக்கா தண்டை வெள்ளைத் துணியால் மூடி, "ஊட்டுக்காரருக்கு நீதான் போய்ச் சொல்லோணும்" என்றார்.

இந்த மனிதரைத்தான் நான் என் கலியாணப் பேச்சுக்குத் துணையாகக் கூட்டிப்போனேன். எங்கள் ஊரில் மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்குக் குடிபோவார். ஆகவே ஆராய்ச்சியெல்லாம் மாப்பிள்ளை மேல்தான். பெண்ணின் வாப்பா மில் ஹாஜியார், நெல்லைக் கடித்துப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார்.

"படம் புடிக்கிற டொக்டரெண்டா என்ன, ஸ்டூடியோக்காரர் மாதிரியா? என்ட மகள எப்பிடி நம்பித் தாற?"

நான் வாய் திறக்குமுன் காக்கா எழுந்துவிட்டார். "கதைச்சா விளங்கா ஹாஜியார். காட்டுறன்."

முற்றத்துப் பப்பாசியில் ஒரு தண்டு குறைந்தது. அதன் ஒரு முனையைத் துணியால் அடைத்து, எங்களுக்கு வந்த சிவப்புச் சர்பத்தை உள்ளே ஊற்றி, மறுமுனையை என் வாயில் வைத்தார்.

"நீதான் இதயம். மெதுவா ஊது."

நடுவில் தன் பையிலிருந்த ஊசியைக் குத்தி உருவினார். உள்வாசல் திரைக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது. பதறிப்போன இதயம் முழு மூச்சாக ஊதிவிட்டது. சர்பத் சீறிப் பாய, ஹாஜியாரின் வெள்ளைச் சட்டை நெஞ்சு முதல் வயிறு வரை சிவந்தது.

"படச்ச ரப்பே!" என்று உள்ளேயிருந்து மாமி அலறினார்.

"அமத்துடா!" என்று கத்தினார் காக்கா.

அமத்தினேன். பூமி பிளந்தால் உள்ளே போயிருப்பேன். அப்போதும் தண்டோடுதான் போயிருப்பேன். பலர் சுற்றியிருந்து உண்ணும் பெரிய சஹன் தட்டு வந்தது. நெய்ச்சோறும் இறைச்சியும் மணத்தன. காக்கா முதல் ஆளாய் உட்கார்ந்தார். நான் தாடியில் சர்பத் ஒழுக, செத்த பப்பாசித் தண்டைப் பிடித்தபடி ஓரத்தில் நின்றேன்.

"கைய எடுத்திட்டுச் சாப்பிட வாங்க தம்பி" என்றார் ஹாஜியார்.

"நேரம் இரிக்கி" என்றேன். திரைக்குப் பின்னால் சிரிப்பு வெடித்தது.

காக்கா எலும்பைச் சப்பி முடித்து, மணிக்கூட்டைப் பார்த்து, "ம்... இப்ப உடு" என்றார். விட்டேன். ஒரு சொட்டும் வரவில்லை.

ஹாஜியார் தன் சட்டையைப் பார்த்தார். என் விரலைப் பார்த்தார். "ஒரு பப்பாசித் தண்டையே உடாமப் புடிச்ச ஆள்" என்று உள்பக்கம் திரும்பி மாமியிடம் சொன்னார், "நம்மட புள்ளயக் கைவிட மாட்டார் கா. நாளப் பாருங்க."

அந்த வீட்டுக்கே குடிவந்தேன். அன்றைக்குச் சிரித்தவள் இன்றும் விருந்தாளிகளுக்கு அந்தக் கதையைச் சொல்வாள். நான் கிணற்றடிக்குப் போய்விடுவேன்.

காக்கா கடல்கடந்து போய் நெடுங்காலம். முற்றத்துப் பப்பாசியில் நல்ல நீளமான தண்டு கண்டால் மனைவி, "வெட்டாதீங்க, காக்கா வந்தா தேடுவார்" என்பாள். அது பழுத்துத் தானாக விழும்வரை நானும் கைவைப்பதில்லை.