நான்காம் பதிப்பு ஓய்வுபெற்ற வெள்ளிக்கிழமை

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது, சக்கரத்தைக் கண்டுபிடித்தது, பிறகு நெடுங்காலம் சும்மா இருந்துவிட்டு எங்கள் அலுவலகத்தில் 'பதிப்பு ஆயுள் நிர்வாகக் குழு'வை அமைத்தது. அதன் செயலாளர் என்ற முறையில் இதை அடக்கத்தோடு பதிவு செய்கிறேன்.

எங்கள் அலுவலகத்தில் பிரிண்டர், விளக்கு, கதவு எல்லாமே ஒரே மென்பொருளின் சொல்பேச்சு கேட்பவை. எது எப்போது திறக்க வேண்டும், எது எப்போது அணைய வேண்டும் என்பதெல்லாம் ஒரு செட்டிங்ஸ் கோப்பில் இருக்கும். அந்தக் கோப்புக்குப் பதிப்பு எண் உண்டு. ஒவ்வொரு பதிப்புக்கும் பிறப்பு, பராமரிப்பு, பணி ஓய்வு என மூன்று பருவங்களைக் குழு வகுத்தது. (ஊழியர்களுக்கு நடுப்பருவம் கிடையாது.)

நான்காம் பதிப்பு ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. அதுவே குழுத் தலைவருக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது.

“ரெண்டு வருஷமா ஒரு கம்ப்ளெய்ன்ட்கூட இல்லைன்னா அது பழசாயிடுச்சுன்னு அர்த்தம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்கு அதுக்கு ஓய்வு. அஞ்சாம் வெர்ஷன் பொறுப்பேத்துக்கும்.”

செட்டிங்ஸைக் கவனித்துக்கொள்ளும் பொறியாளர் எழுந்தாள். முப்பது வயதுப் பெண். கேட்காமலே உண்மையைச் சொல்லும் கெட்ட பழக்கம் உள்ளவள்.

“சார், அஞ்சுல பாத்ரூம் கதவை இன்னும் சேர்க்கலை. உள்ள போனா வெளிய வர முடியாது. ஒரு வாரம் குடுங்க, முடிச்சுடறேன்.”

“இது குறையா, தெரிஞ்ச குறையா?”

“தெரிஞ்ச குறைதான் சார். இப்பதானே சொன்னேன்.”

“தெரிஞ்சுடுச்சுல்ல? அப்புறம் என்ன பயம்?”

அவள் அதையே கடிதமாகவும் எழுதிக் கொடுத்தாள். நான் சீல் குத்திக் கோப்பில் வைத்தேன். கோப்பில் வைப்பதும் ஒரு நடவடிக்கைதான்.

வெள்ளிக்கிழமை பிரிவுபசார விழா. கேக் வெட்டினோம். தலைவர் மூன்று கப் டீ குடித்தபடி நான்காம் பதிப்பின் அருங்குணங்களை எடுத்துரைத்துவிட்டு, ஐந்துக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது அவசரமாக எழுந்து போனார். சரியாக ஐந்துக்கு நான் பொத்தானை அழுத்தினேன். எல்லோரும் கைதட்டினார்கள். கைதட்டல் ஓய்ந்த பிறகும் ஒரு தட்டல் மட்டும் ஓயவில்லை.

“யாராவது திறங்கய்யா!” பாத்ரூமுக்குள்ளிருந்து தலைவரின் குரல்.

பொறியாளர் லேப்டாப்போடு ஓடிவந்தாள். “நாலுக்குத் திரும்பிடலாம் சார். ஒரே நிமிஷம்.”

நான் விதிப்புத்தகத்தைப் பிரித்தேன். ஓய்வுபெற்ற பதிப்பை மீண்டும் பணியில் அமர்த்தத் தலைவரின் எழுத்துபூர்வ ஒப்புதல் வேண்டும். படிவத்தையும் பேனாவையும் கதவிடுக்கு வழியாக உள்ளே தள்ளினேன். நனைந்த கையெழுத்தோடு படிவம் திரும்பி வந்தது. அப்போதுதான் அதன் தலைப்பைக் கவனித்தேன்.

“சார், மன்னிக்கணும். இது நாலாம் வெர்ஷன் ஃபாரம். அஞ்சு மணியோட செல்லாது.”

“அஞ்சாம் வெர்ஷன் ஃபாரத்தைக் குடுய்யா!”

“பிரிண்ட் எடுக்கணும் சார். பிரிண்டரும் அஞ்சுல இன்னும் சேரலை.”

உள்ளேயிருந்து, வேறெதுவும் செய்வதற்கில்லாத ஒரு மனிதர் மறுபடி தண்ணீரை இழுத்துவிடும் சத்தம்.

அரை மணி நேரம் கழித்துத் துப்புரவுப் பணியாளர் வாளியோடு வந்தார். கூட்டத்தைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், இடுப்பிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்தார்.

“கீல்ல இருக்கறது ஆறு ஸ்க்ரூ. இதுக்கா இத்தனை பேரு நிக்கறீங்க?”

கதவைக் கழற்றிச் சுவரில் சாய்த்தார். தலைவர் திறப்புவிழாவுக்கு வந்தவர் போலக் கம்பீரமாக வெளியே வந்தார்.

திங்கட்கிழமை விசாரணை. விசாரித்ததும் எங்கள் குழுவே. வேறு யாருக்கு அந்த அனுபவம் இருக்கிறது? 'குறையை முன்கூட்டியே முழுமையாக அறிந்திருந்தவர் பொறியாளர் ஒருவரே. அவரது கடிதமே சாட்சி' என்று முடிவாயிற்று.

“சார், அது உங்களை எச்சரிச்சு நான் எழுதின லெட்டர். நீங்கதானே சீல் குத்தி வாங்குனீங்க?” அவள் என்னைப் பார்த்துக் கேட்டாள்.

“ஆமாம்மா. சீல் இருக்கறதாலதான் அது ஆதாரமா செல்லுது.”

அன்று மாலை ஐந்து மணிக்கே அவளுக்கும் ஓய்வு அளிக்கப்பட்டது. கேக் மட்டும் இல்லை.

ஐந்தாம் பதிப்பு மகத்தான வெற்றி. கதவைத் திரும்ப மாட்டுவதற்கு ஒப்புதல் தேவைப்படுவதால் அது சுவரிலேயே சாய்ந்திருக்கிறது. ஆகவே மாத அறிக்கையில் 'கதவுக் குறைகள்: பூஜ்யம்'. அந்தப் பூஜ்யத்துக்காகத் தலைவருக்கு விருது கிடைத்தது.

கதவில்லாத அறைக்குள் போக மட்டும் யாருக்கும் மனம் வரவில்லை. கீழ்த்தளத்தில் இருக்கும் சின்னக் கம்பெனிக்குப் போகிறோம். அங்கே கதவுக்குப் பதிப்பு கிடையாது, தாழ்ப்பாள் இருக்கிறது. அந்தப் பொறியாளர் இப்போது அங்கேதான் வேலை பார்க்கிறாள். தினமும் பதினோரு மணிக்குக் குழு முழுவதும் அவள் மேசைப் பக்கமாக வரிசையில் நிற்கிறது. அவள் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. எங்கள் வசதிக்காகக் கதவில் ஒரு தாளும் ஒட்டியிருக்கிறாள்: 'வலப்பக்கம் தள்ளினால் பூட்டும். இடப்பக்கம் தள்ளினால் திறக்கும்.'

நேற்று தலைவர் அதைப் படித்துவிட்டு நெகிழ்ந்துபோனார்.

“எவ்வளவு தெளிவா எழுதியிருக்கா பாருய்யா! இப்படிப்பட்ட பொண்ணை எந்த முட்டாள் வேலையை விட்டு அனுப்பினான்?”

அந்த உத்தரவில் முதல் கையெழுத்து அவருடையது. இரண்டாவது என்னுடையது.